பின்னலும் பிடிப்பும்

 

நீண்ட கூந்தலைச் சடையாகப் பின்னிக்கொள்வதனால் அக்கூந்தல் சேதமுறாமல் காக்கப்படுகிறதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். உலகத்தில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, தலைமுடியைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று இந்தத் தலைப்பைக் கண்டவுடன் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால், நம் நாட்டில் நாள்தோறும் காலைப்பொழுதில், அடுப்பில் இட்லி வேகும் நேரத்தில், ஒரு தாய் தன் மகளை முன்னே உட்காரவைத்துக்கொண்டு, சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, வகிடு பிரித்து, இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டி அனுப்புகிறாளே, அந்தக் காரியம் ஒரு பெண்குழந்தை பள்ளியில் சேர்ந்த நாளில் தொடங்கி அவள் படிப்பு முடியும்வரை இடைவிடாமல் நடக்கிறதே, அத்தனை சிரத்தையோடும் அத்தனை அன்போடும் செய்யப்படுகிற ஒன்று நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று ஒருநாளாவது உட்கார்ந்து யோசிப்பது அவசியம் அல்லவா?

நம்மவரிடையே இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கிவருகின்றன. ‘தலையை விரித்துப் போட்டுக்கொண்டு திரிந்தால் முடி தங்குமா? பின்னிப் போடு, தானே வளரும்’ என்பது பாட்டிமார் வாக்கு. ‘சின்ன வயதில் இறுக்கி இறுக்கிப் பின்னித்தான் எனக்கு நெற்றி ஏறிப்போயிற்று’ என்பது நடுவயதை எட்டிய பெண்கள் கண்ணாடி முன் நின்று சொல்லும் குறை. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் இவ்விரண்டு பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். எது மெய்? இரண்டும் மெய். பின்னல் கூந்தலின் நீளத்தைக் காக்கிறது. அதே பின்னல் இறுக்கமாகப் போடப்பட்டால் கூந்தலின் வேரைக் கெடுக்கிறது. நுனியைக் காப்பதற்காக நாம் செய்யும் காரியம் வேரை வாங்கிக்கொண்டு போகுமானால், அது முதலுக்கே மோசம் அல்லவா? இதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

கூந்தல் என்பது எத்தகைய பொருள்? மனிதனுடைய தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொரு முடியும் தோலுக்குள்ளே ஒரு சிறு குழியில் வேர்கொண்டிருக்கிறது. உயிர் இருப்பது அந்த வேரில்தான். தோலைக் கடந்து வெளியே வந்து தோளிலும் முதுகிலும் தொங்குகிற பகுதியில் உயிர் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, நரம்பு இல்லை. கத்தரிக்கோல் படும்போது வலி தெரியாதது அதனால்தான். வலி தெரியாதது ஒரு சௌகரியம் என்றாலும், அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. விரலில் பட்ட கீறல் நாலு நாளில் ஆறிவிடுகிறது. முடியில் பட்ட கீறல் ஒருநாளும் ஆறுவதில்லை. தேய்ந்தது தேய்ந்ததே, பிளந்தது பிளந்ததே. எந்தத் தைலமும் எந்தச் சீயக்காயும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரா. ஆகவே நீண்ட கூந்தலைப் பொறுத்தவரையில் வைத்தியம் என்று ஒன்று கிடையாது. காப்பு ஒன்றே உண்டு.

இன்னும் ஒரு கணக்கைப் பாருங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. ஆண்டொன்றுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி, என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மூன்றடி நீளமுள்ள ஒரு சடையின் நுனிக்கு வயது என்ன? ஆறு ஆண்டு. இங்கே அமர்ந்திருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சடைநுனி, அவள் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது தலைத்தோலிலிருந்து வெளிவந்தது. வாரத்துக்கு இருமுறை தலைக்குக் குளிப்பவளானால், அந்த நுனி இதுவரை 600 தடவைக்கு மேல் நனைந்து, பிழியப்பட்டு, துவட்டப்பட்டு, உலர்ந்திருக்கிறது. சீப்பு அதன்மேல் எத்தனை ஆயிரம் முறை ஓடியிருக்கும் என்பதை யார் எண்ணியிருக்கிறார்கள்? நெற்றியோரத்தில் இப்போது தலைகாட்டும் முடியும் முழங்காலருகே ஆடும் நுனியும் ஒரே தலையைச் சேர்ந்தவையானாலும், ஒன்று நேற்றுப் பிறந்த குழந்தை, மற்றொன்று ஆறு ஆண்டு வெயிலையும் மழையையும் பார்த்த முதுமை. நீண்ட கூந்தல் உடையவர்கள் நுனியிடத்தில் தனியாகப் பரிவு காட்டவேண்டும் என்பது இதனால்தான்.

அந்த முடியின் மேற்புறத்தை நுண்நோக்காடியில் வைத்துப் பார்த்தவர்கள், நம் கிராமத்து ஓட்டு வீடுகளின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரிந்து கிடப்பதைப் போல, மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைக் காண்பார்கள். நுண்நோக்காடி இல்லாமலே இதை நீங்கள் இப்பொழுதே பிரத்தியட்சமாக அறியலாம். உங்கள் கூந்தலிலிருந்து ஒற்றை முடியைப் பிரித்து, ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து, வேர்ப்பக்கமிருந்து நுனிப்பக்கமாக மெல்ல வழித்துப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும். இனி நுனியிலிருந்து வேரை நோக்கி வழித்துப் பாருங்கள்; ஏதோ சொரசொரவென்று தடுக்கிறது, மெல்லிய கீச்சொலிகூடக் கேட்கிறது. செதில்களின் விளிம்பு விரலில் படுவதே அந்தத் தடுப்பு. கூந்தலின் மினுமினுப்பும் வழவழப்பும் வலிமையும் இந்தச் செதில்கள் படிந்து கிடக்கும்வரையில்தான். அவை நிமிர்ந்து, உடைந்து, உதிர்ந்துபோனால், உள்ளே கட்டுக்கட்டாகக் கிடக்கும் நார்கள் வெளிப்பட்டு, நுனி இரண்டாகவும் மூன்றாகவும் பிளக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒடிகிறது. ‘என் முடி இடுப்புக்குக் கீழே வளரவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு வேரில் வளர்ச்சி நடந்துகொண்டேதான் இருக்கிறது; மேலே வளர்ந்த அளவு கீழே ஒடிந்துபோவதனால் நீளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

செதில்களை நிமிர்த்துவது எது? உராய்வு. முடியோடு முடி உராய்வது ஒன்று. முடியோடு பிற பொருள்கள் உராய்வது மற்றொன்று. விரித்துவிட்ட கூந்தலோடு ஒரு பெண் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்தோ, இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தோ ஊரைச் சுற்றி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அந்த ஒரு லட்சம் முடிகளையும் எல்லாத் திசைகளிலும் எற்றி எறிகிறது. ஒன்றின் செதில் மற்றொன்றின் செதிலில் மாட்டுகிறது. முடிச்சு விழுகிறது. தோளில் மாட்டிய பையின் வார் ஒருபுறம் இழுக்கிறது. நாற்காலியின் முதுகு ஒருபுறம் தேய்க்கிறது. ரவிக்கையின் கொக்கி ஒருபுறம் பற்றிக்கொள்கிறது. வீடு வந்து சேர்ந்தவுடன் அவள் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறாள். படபடவென்று ஒலி கேட்கிறதே, அந்த ஒலி என்ன? முடி ஒடியும் ஒலி. காற்று செய்த தீங்கைவிட அந்தச் சீப்பு செய்த தீங்கு பெரிது. ஆனால் சீப்புக்கு அந்த வேலையைத் தேடிக்கொடுத்தது விரித்துவிட்ட கோலம்.

இப்பொழுது அதே கூந்தலைச் சடையாகப் பின்னியிருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். மூன்று கால்களாகப் பிரிக்கப்பட்ட முடிகள் அனைத்தும் வேர் மேலும் நுனி கீழுமாக ஒரே திசையில் அணிவகுத்து, பக்கத்துக்குப் பக்கம் நெருங்கிப் படிந்து கிடக்கின்றன. செதில்கள் ஒரே முகமாகச் சரிந்திருப்பதனால் ஒன்றையொன்று கீறுவதில்லை. காற்றடித்தால் சடை முழுவதும் ஒன்றாக அசைகிறதே தவிர, உள்ளே ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அலைவதில்லை. வெளியே தெரிகிற முடிகள் சிலவே. பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது. பை வாரோ நாற்காலியோ தேய்த்தாலும் அந்தத் தேய்ப்பை ஏற்பவை மேலே இருக்கும் சில முடிகள். நாளைக்குப் பின்னும்போது வேறு சில முடிகள் மேலே வரும். மாலையில் சடையை அவிழ்த்தால் சிக்கு குறைவு. சிக்கு குறைந்தால் சீப்புக்கு வேலை குறைவு. சீப்புக்கு வேலை குறைந்தால் ஒடிவது குறைவு. கூந்தலின் நீளத்தைக் காப்பதில் பின்னலுக்கு நிகரான எளிய உபாயம் வேறு இல்லை என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

வெயிலையும் மறந்துவிட வேண்டாம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் முடியின் புரதத்தையும், அதற்குக் கருமை தரும் நிறப்பொருளையும் சிதைக்கின்றன. திறந்த வெயிலில் திரியும் குழந்தைகளின் முடி செம்பட்டை பாய்ந்து முரமுரப்பாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். போஷாக்குக் குறைவும் அதற்கு ஒரு காரணம் ஆகலாம் என்றாலும், வெயிலின் பங்கு சிறிதன்று. பின்னிய சடையில் மேற்புற முடிகள் உட்புற முடிகளுக்கு நிழல் தருகின்றன. களையெடுக்கவும் நாற்று நடவும் போகிற நம் உழவர் குலப் பெண்கள் முடியை அள்ளிக் கொண்டையாகச் செருகி, அதன்மேல் முந்தானையையும் போட்டுக்கொள்கிறார்களே, அதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது!

இவ்விடத்தில் ஒரு சந்தேகத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘பின்னினால் முடி வளரும்’ என்று பாட்டி சொன்னாள் அல்லவா? பின்னல் வேருக்குள் புகுந்து ஒரு முடியையேனும் வேகமாக வளரச் செய்வதில்லை. முடி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, சில மாதம் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைக்கிறது. அந்த வளரும் பருவம் எவ்வளவு காலம் என்பது பிறவியில் அமைவது. சீன தேசத்தைச் சேர்ந்த ஷியே சியூபிங் என்ற பெண்மணி 1973-இல் தம் பதின்மூன்றாம் வயதிலிருந்து முடியை வெட்டாமல் வளர்த்து, 2004-இல் அளந்தபோது அது 5.627 மீட்டர் இருந்ததென்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. அத்தகைய வரம் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது; எந்தப் பின்னலாலும் அதைப் பெற்றுவிட முடியாது. ஆனால் பிறவி நமக்கு மூன்றடி கொடுத்திருக்க, ஒடிந்து ஒடிந்து ஒன்றரை அடியோடு நின்றுபோவதைப் பின்னல் தடுக்கும். பாட்டியின் கண்ணுக்கு அது வளர்ந்ததாகவே தெரிந்தது. அவள் கண்டது பொய்யன்று.

ஆப்பிரிக்காவின் நடுவே சாட் என்ற நாட்டில் பஸாரா இனத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அந்நாட்டின் வறண்ட காற்றில் சுருள்முடி எளிதில் ஒடியும். ஆனால் அப்பெண்களின் முடி இடுப்பளவுக்குத் தொங்குகிறது. அவர்கள் செய்வது என்ன? சேபே என்று வழங்கும் ஒரு தூளைக் கொழுப்போடும் எண்ணெயோடும் குழைத்து, தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் மட்டும் பூசி, உடனே பின்னிப் பல நாள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூளைத் தேடி இன்று அயல்நாடுகளிலிருந்தெல்லாம் விலைகொடுத்து வாங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அதன் மகிமையில் பெரும்பகுதி தூளுக்கு உரியதன்று. எண்ணெய்ப் பசையோடு கூடிய முடியைப் பின்னி, அதைச் சீப்புக்கும் காற்றுக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் பொறுமைக்கு உரியது.

இரவுப் பின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் பின்னிக்கொள்கிற பலர், இரவில் ‘தலைக்குக் காற்றாட வேண்டும்’ என்று அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். தூக்கத்தில் நாம் எத்தனை முறை புரள்கிறோம்! புரளும்போதெல்லாம் தலையணையின் பருத்தி உறை முடியைப் பற்றித் தேய்க்கிறது. உடலின் பாரம் நுனியை அழுத்தி இழுக்கிறது. படுக்குமுன் சீப்பைத் தொடாமல் விரலாலேயே கோதிவிட்டு, மிகவும் தளர்வாக ஒற்றைச் சடை போட்டு, நுனியைத் துணி நாடாவால் கட்டித் தோளுக்கு முன்புறமாக எடுத்து விட்டுக்கொண்டு படுத்தால், காலையில் பாதிச் சிக்கு இராது. பழைய பட்டுப் புடவையின் கிழியாத பாகத்தை வெட்டித் தலையணைக்கு உறையாகத் தைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். பட்டில் முடி வழுக்குமே தவிர உராயாது.

சடைநுனியைப் பற்றியும் சொல்லவேண்டும். எவ்வளவு நன்றாகப் பின்னினாலும், கட்டுக்குக் கீழே நாலு விரல் நீளம் பின்னப்படாமல் துடைப்பமாக நிற்கிறது. கூந்தலில் மிகவும் வயதான, மிகவும் மெலிந்த பாகம் அதுதான். காப்பில்லாமல் நிற்பதும் அதுதான். முற்காலத்தில் நம் பெண்கள் சடையின் கடைசிப் பாகத்தில் குஞ்சலத்தின் கயிறுகளையும் சேர்த்துப் பின்னி முடித்தார்கள். அழகுக்காகவே அதை அணிந்தார்கள் என்றாலும், முடியின் நுனி குஞ்சலத்துக்குள்ளே அடங்கிப்போய், ஆடுவதும் அலைவதும் தேய்வதும் குஞ்சலத்தின் நூலுக்கே உரியவையாயின. அந்த வழக்கம் போய், நுனியை நிராதரவாக விட்டுவிட்டோம். பள்ளிச் சிறுமிகளின் சடையை இரண்டாக மடித்துக் காதோரம் ரிப்பனால் கட்டுகிறார்களே, அந்த மடிப்பில் நுனி உள்ளே போய் மறைகிறது. நம் பள்ளிக்கூடச் சடையில் நான் மெச்சுகிற பாகம் இதுவே. நான் குறைகூறுகிற பாகத்துக்கு இனி வருகிறேன்.

இதுவரை முடியின் நீளத்தைப் பற்றிப் பேசினோம். இனி வேருக்கு வருவோம். நீளத்தில் உயிரில்லை; வேரில் உயிர் இருக்கிறது. நீளத்தில் இழந்ததை இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் வளர்த்துக்கொள்ளலாம். வேர் அழிந்தால் எதைக்கொண்டு வளர்ப்பது?

1907-ஆம் ஆண்டில் டிரெபிட்ஷ் என்னும் மருத்துவர், வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்துத் தீவின் பெண்களிடம் ஒரு விசித்திரமான வழுக்கையைக் கண்டு எழுதிவைத்தார். அப்பெண்கள் தலைமுடியை நாற்புறமும் இழுத்து, உச்சியில் இறுக்கிக் குடுமியாகக் கட்டும் வழக்கமுடையவர்கள். அவர்களுக்கு நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் முடி இல்லாமற்போயிருந்தது. நோய் ஏதுமில்லை, கிருமி ஏதுமில்லை. நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்த இழுப்பே அதற்குக் காரணம். இன்று மருத்துவர்கள் இதை இழுவை வழுக்கை என்று அறிவார்கள். குடுமியை இறுக்கிக் கட்டும் சீக்கிய ஆண்களிடத்திலும் இது காணப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், முடியைத் தலைத்தோலோடு ஒட்ட இறுக்கிப் பின்னுகிற வழக்கமுள்ள மக்களிடையே பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவுகள் நெஞ்சை உலுக்குபவை: வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த வழுக்கை இருந்தது, பள்ளிச் சிறுமிகளிடத்திலேயே அது தலைகாட்டியிருந்தது. பின்னல் என்றால் காப்பு என்று மட்டும் எண்ணியிருந்த நமக்கு இது ஓர் எச்சரிக்கை அல்லவா?

தாய்மார்களே, இதன் அடையாளங்களை உங்கள் மகளின் தலையில் நீங்களே பார்க்கலாம். நாளைக் காலையில் பின்னி முடித்தபின், அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, நெற்றியோரத்தையும் காதுக்கு மேலே உள்ள இடத்தையும் பிடரியையும் உற்றுப் பாருங்கள். முடி கிளம்பும் இடத்தில் தோல் கூடாரமாகச் சற்றே மேலெழும்பி நிற்கிறதா? சிறு சிறு சிவந்த பருக்கள், சில சமயம் சீழ்கோத்த கொப்புளங்கள், வரிசையாகத் தெரிகின்றனவா? நெற்றியில் முடி தொடங்கும் எல்லையில் மெல்லிய குட்டை முடிகள் ஒரு கரையாக நிற்க, அதற்குப் பின்னால் முடி அடர்த்தி குறைந்து தோல் தெரிகிறதா? இந்தக் குட்டை முடிகள் மிகவும் குறிப்பானவை. சீப்பிலும் பின்னலிலும் அகப்படாத அளவுக்கு அவை குட்டையாக இருந்ததனாலேயே தப்பித்தன, அகப்பட்டவை போய்விட்டன. ‘அம்மா, வலிக்கிறது’ என்று அவள் சொன்னால், ‘அழகு வேண்டுமானால் வலி பொறுக்க வேண்டும்’ என்று சொல்லாதீர்கள். வலி என்பது வேர் நமக்குச் சொல்லும் சேதி. முடிக்குத்தான் நரம்பில்லை, வேரைச் சுற்றி நரம்பு உண்டு. அந்த நரம்பு சொல்வதை நாம் கேட்டே ஆகவேண்டும்.

ஆறுதல் ஒன்று உண்டு. ஆரம்ப நிலையில் இழுப்பை நிறுத்திவிட்டால், சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கிறது. ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டேயிருந்தால், குழியே தழும்பாக மூடிப்போகிறது. அதன்பிறகு எந்த எண்ணெயாலும் பயனில்லை. நடுவயதில் கண்ணாடி முன் நின்று நொந்துகொள்ளும் பெண்களிடம் அந்தக் குறை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கியது என்பதை நினைக்கும்போது என் மனம் வேதனைப்படுகிறது. அவர்களுக்குத் தீங்கு நினைத்து யாரும் இழுக்கவில்லை. மாலைவரை கலையாமல் இருக்கவேண்டும், பள்ளியில் யாரும் குறைசொல்லக்கூடாது என்ற நல்ல எண்ணத்தோடுதான் இழுத்தார்கள்.

அப்படியானால் எவ்வளவு இறுக்கம் தகும்? பின்னலின் முதல் இரண்டு மூன்று மடிப்புகளில்தான் எல்லாம் இருக்கிறது. தலைத்தோலை ஒட்டிய அந்த மடிப்புகளைத் தளரப் போடுங்கள். கழுத்தைக் கடந்து கீழே வந்தபின் வேண்டுமானால் சற்று நெருக்கிப் பின்னுங்கள். கீழே நெருக்குவதனால் வேருக்கு இழுப்பு இல்லை, கலையாமலும் இருக்கும். பின்னி முடித்தபின் குழந்தையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், தலையை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். தோல் சுருக்கென்று இழுபடக் கூடாது. வகிட்டையும் எப்போதும் ஒரே கோட்டில் எடுக்கவேண்டாம். இருபுறமும் இழுபட்டு வகிடு நாளடைவில் அகன்றுகொண்டே போகும். ஒருநாள் நடுவகிடு, ஒருநாள் கோணல் வகிடு, ஒருநாள் வகிடே இல்லாமல் பின்னுக்கு வாரிப் பின்னல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எந்த ஒரு வேரும் தினந்தோறும் தண்டனை அனுபவியாது. கல்யாணத்தன்று சவுரி வைத்து, சடைநாகம் பூட்டி, பூச்சடை தைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஒருநாள் பாரம் ஒருநாளோடு போயிற்று. அடிக்கடி மேடையேறி அந்தப் பாரத்தைச் சுமக்கும் நாட்டியப் பெண்கள், மற்ற நாட்களில் வேருக்கு முழு ஓய்வு கொடுக்கவேண்டும்.

இனி ஈரப் பின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலையில் அவசரமாகத் தலைக்குக் குளிப்பாட்டி, துவட்டியும் துவட்டாமலும், நீர் சொட்டச் சொட்ட இறுக்கிப் பின்னி அனுப்புவது நம் வீடுகளில் எவ்வளவு சகஜமாகிவிட்டது! ஈரக் கூந்தலைப் பின்னக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதை, ஜலதோஷம் பிடிக்கும் என்பதற்காகச் சொன்னார்கள் என்று நினைத்தோம். முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் அளவுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ள வல்லது, அப்போது அதன் பருமன் 15 சதவீதம்போல் உப்புகிறது, செதில்கள் நிமிர்கின்றன, உள்ளே புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய பிணைப்புகள் பல நீரினால் அவிழ்ந்துவிடுகின்றன. உலர்ந்த முடி இழுப்பை எதிர்த்து நிற்கும். நனைந்த முடி இழுத்த இழுப்புக்கு நீண்டுகொடுக்கும். நீண்டுகொடுக்கிறதே என்று நாம் இன்னும் இழுக்கிறோம்; எல்லை கடந்தபின் அது மீள்வதில்லை. சடையின் நடுப்பாகமோ மாலைவரை உலர்வதில்லை. அவிழ்த்தால் ஈர வாடை அடிக்கிறது. பாட்டிமார் குளித்த கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் விரித்து, விரலால் கோதிக் கோதி உலர்த்தி, அதன்பிறகே சீப்பைத் தொட்டார்கள். அந்த அவகாசத்தை நாம் இழந்ததுதான் இன்றைய பெண்களின் கூந்தலுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்பது என் துணிபு.

எண்ணெயின் பிரஸ்தாபமும் இவ்விடத்துக்கு உரியதே. ரேலே, மொஹிலே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் மும்பையில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்து, 2003-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். குளிப்பதற்கு முன்பு தடவினாலும் பின்பு தடவினாலும், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதும் நேரானதுமான அமைப்புடையதாகையால் முடிக்குள்ளே புகுந்து தங்குகிறது. மற்றவை மேலோடு நின்றுவிடுகின்றன. அந்த ஆராய்ச்சி தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் நான் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அதன் முறை தெளிவானது, நம் வீட்டு அநுபவமும் அதையே சொல்கிறது. குளிப்பதற்கு முந்தின இரவே எண்ணெயை நீளத்திலும் நுனியிலும் தடவி, தளரப் பின்னிப் படுத்துக்கொண்டால், மறுநாள் நீர் படும்போது முடி அதிகம் உப்பாது. பின்னலும் எண்ணெயும் சேர்ந்து நிற்கும்போதுதான் இரண்டின் பலனும் முழுமையாகக் கிடைக்கிறது.

ரப்பர் பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வெறும் ரப்பரைக் கூந்தலில் போடாதீர்கள். அது முடியைக் கவ்விப் பிடிக்கிறது. உருவும்போது செதிலோடு பிய்த்துக்கொண்டு வருகிறது. துணி சுற்றிய பட்டையோ, பழைய கறுப்பு நூல் கயிறோ, ரிப்பனோ போதும். கட்டு விழும் இடத்தையும் நாளுக்கு நாள் ஓர் அங்குலம் மேலும் கீழுமாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாலைந்து நாள் அவிழாமல் விட்ட சடையை அவிழ்க்கும்போது கைநிறைய முடி வந்தால் பயப்பட வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி இயல்பாகவே உதிரும். விரித்த கூந்தலில் அது வழியெல்லாம் விழுந்திருக்கும், சடையில் அது உள்ளேயே தங்கியிருந்தது. வேரில் வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது உதிர்ந்த முடி. குமிழில்லாமல் துண்டாக இருந்தால் அது ஒடிந்த முடி. முதலாவதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவதைக் கண்டால் பின்னுகிற கையையும் சீப்பையும் சோதியுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியைகளிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு விண்ணப்பம். நம் பள்ளிகள் பலவற்றில் பெண்குழந்தைகள் இரட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி வரவேண்டும் என்பது நியமம். நெற்றியில் ஒரு முடி கலைந்திருந்தாலும் காலைக் கூட்டத்தில் அவளைத் தனியே நிறுத்துகிறோம். அந்தக் கண்டிப்புக்கு அஞ்சித்தான் தாய் வேரறுமளவு இழுக்கிறாள். சடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சடை இருக்கட்டும், மடிப்பும் இருக்கட்டும், அதனால் நுனிக்கு நன்மையே. நடுவகிடுதான் எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். முடி குறைந்த குழந்தைக்கு ஒற்றைச் சடை போதும் என்று அனுமதியுங்கள். தலைக்குக் குளித்த நாளில் ஈரம் உலரும்வரை தளரக் கட்டிக்கொண்டு வர இடங்கொடுங்கள். உலர்ந்தபின் இடைவேளையில் தோழியர் ஒருவருக்கொருவர் பின்னிக்கொள்வார்கள். ஆண்டுக்கொருமுறை கண்ணையும் பல்லையும் பரிசோதிக்க மருத்துவர் பள்ளிக்கு வரும்போது, நெற்றியோரத்தையும் ஒரு நிமிஷம் பார்த்து, இழுவையின் அடையாளம் கண்டால் பெற்றோருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலிருந்தே இதை நீங்கள் நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.